வெள்ளிக்கிழமைச் சமையல்

குடியை விட்டவர்கள் ஏன் மறுபடியும் அதைத் தேடிப் போகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றியுள்ள எண்ணெய்ச் செம்பனைத் தோட்டங்களில் வேலையைத் தொடங்கியபோது, எல்லாரும் என்னிடம் சொற்பொழிவைத்தான் எதிர்பார்த்தார்கள். கெட்டுப்போன ஈரலின் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் போதும் என்றார்கள். பயம் ஒரு வாரம்கூடத் தாங்காது. ரவாங்கில் எங்கள் வீட்டைச் சுற்றியே அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். மஞ்சள் காமாலையில் மருத்துவமனையில் கிடந்து, பிழைத்து, குடியை விட்டுவிட்டு, தோட்டத்து லயத்தில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். மாலைப் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“டிவி பாக்குறேன் மிஸ். கல்யாணம், காரியம் எதுக்கும் என்னைய யாரும் கூப்புடுறதில்ல. சம்சு சாராயம் விக்கிற எடத்துப் பக்கம் போனா மட்டும், வா மச்சான்னு நாற்காலிய இழுத்துப் போடுறாங்க.”

ஒரு காலத்தில் தோட்டத்து விருந்துகளுக்கெல்லாம் இவர்தான் சமைப்பார் என்று அவர் மனைவி சொன்னார். நான் நேரே கோயில் தலைவரிடம் போனேன். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு டவுனிலிருந்து சாப்பாடு வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். அதை இவர் கையில் கொடுங்கள் என்றேன். போதையில் வந்து நின்றால் யார் பதில் சொல்வது என்று தலைவர் தயங்கினார். நான் சொல்கிறேன், வாராவாரம் கூடவே நிற்கிறேன் என்றேன். அந்த வார்த்தையைக் கொடுக்கும்போது எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

முதல் வாரம் சிலர் சாப்பிடாமலே போனார்கள். அடுத்தடுத்த வாரங்களில் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் காய் நறுக்க வந்தார்கள். அடுப்பைச் சுற்றிப் பேச்சும் சிரிப்புமாக இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. முதல் நாள் பழைய கூட்டாளி ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போன இடத்தில் குடித்துவிட்டாராம். முன்பென்றால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அன்று தலைவரே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர், இனிமேல் கோயில் பாத்திரத்தைத் தொட மாட்டேன் என்றார்.

“இன்னிக்கு நீ அடுப்பத் தொட வேணாம். வந்து உக்காந்து சாப்புடு. அடுத்த வாரம் நீதான் ஆக்கணும், வேற ஆளு இல்ல லா” என்றார் தலைவர்.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

அதன்பின் அவர் குடிக்கவில்லை. அக்கம்பக்கத் தோட்டக் கோயில்களிலும் இதேபோல் சமையல் தொடங்கியிருக்கிறோம். சுங்கை புரோங் வரை கல்யாணச் சமையலுக்கு அவரைக் கூப்பிடுகிறார்கள். சென்ற மாதம் என் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டேன். அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது மிஸ், தேதியை மாற்ற முடியுமா என்றார். மாற்றினோம்.