சூரியன் திரும்பிய நாளில் பதினொரு பேர்

மீன் சதையின் அடியிலிருந்து எழும் வெளிச்சத்துக்கு ஒரு நிறம் உண்டு. தண்ணீர் கலந்த பாலின் நிறம். கை வைத்தால் சூடே இராது...

நோர்வேயின் வட முனையில், கடலோரத்தில், சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த ஊர் அது. அங்கிருந்த மீன் தொழிற்சாலையில், கொட் மீன் துண்டுகளைக் கண்ணாடி மேசையில் விரித்து, அடியில் எரியும் விளக்கின் ஒளியில் புழுக்களைத் தேடி எடுப்பது எங்கள் வேலை. நாங்கள் பதினொரு தமிழர்கள். எனக்கு அப்போது இருபத்தொரு வயது.

நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி கடைசிவரை அங்கே எழாது. நண்பகலில் ஒரு நீலச் சாம்பல் வெளிச்சம் வந்து போகும். அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் சிவமண்ணை. பருத்தித்துறையில் கணித ஆசிரியராக இருந்தவர். மனைவியும் இரண்டு மகள்மாரும் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். இருட்டுக் காலம் தொடங்கியதும் அவர் பேச்சைக் குறைத்தார். பிறகு நிறுத்திவிட்டார். எதைக் கேட்டாலும் ஒரு 'ஓம்'. சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி அரை மணித்தியாலம் இருப்பார். எங்களுக்குப் பயமாக இருந்தது.

தைப்பொங்கல் வந்தபோது, பொங்கலாமா என்று ஒருவர் கேட்டார். பல கிழமைகளுக்குப் பிறகு சிவமண்ணை வாய் திறந்தார்.

"ஆருக்குப் பொங்கிறது? ஆள் இன்னும் வரேல்லையே."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"கலண்டரில வந்தால் மட்டும் காணாது. ஆள் வரட்டும், பொங்குவம்."

சூரியன் திரும்பும் நாள் அந்த ஊருக்கும் பண்டிகைதான். பள்ளிக்கூடம் நேரத்தோடு விடும். ஊரே படகுத்துறையில் கூடும். இரண்டு மலைகளுக்கு நடுவில் சூரியன் சில நிமிடங்கள் தலைகாட்டும். எல்லோரும் இனிப்பு பன் சாப்பிடுவார்கள்.

அந்த நாளுக்கு முந்திய ஒரு கிழமை சிவமண்ணை வேறு மனிதராக இருந்தார். மீன்பிடிக்காரர்களிடம் சூரியன் எந்த இடைவெளியில் தெரியும் என்று விசாரித்தார். மீன் பெட்டி அட்டையில் பென்சிலால் கோணம் கீறினார்.

"ஏழு நிமிசம், தம்பி. மேகம் குழப்பாட்டி ஏழு நிமிசம் நிப்பார். பதினொன்றரைக்குப் பால் அடுப்பில ஏற வேணும்."

சர்க்கரை கிடைக்கவில்லை, மண்ணிறச் சீனி வாங்கினோம். தொழிற்சாலையின் பின்புறம், காற்றுப் படாத ஒரு மூலையில், காஸ் அடுப்பை வைத்தோம். சொன்ன நேரத்துக்குச் சிவமண்ணை போய்ப் பானையை ஏற்றிவிட்டு வந்து மறுபடி மேசையில் நின்றார்.

இடைவேளை மணி அடித்தது. ஊர்க்காரர்கள் கையுறைகளைக் கழற்றினார்கள். நாங்களும் கழற்றினோம்.

மனேஜர் வாசலில் நின்றார். மீன் ஏற்றக் கப்பல் காத்திருந்தது, மீன் துண்டுகள் வரும் பட்டி நிற்கக்கூடாது. எங்களில் எனக்குத்தான் நோர்வே மொழி நன்றாகத் தெரியும் என்பதால் என்னை அழைத்தார். புன்னகையோடு சொன்னார்: "உங்கள் ஊரில் வருடம் முழுவதும் வெயில்தானே. எங்கள் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். நீங்கள் நில்லுங்கள். உங்களுக்கு இது எதற்கு?"

நான் திரும்பி வந்து சொன்னேன்: "கப்பல் நிக்குதாம். கொஞ்சம் பொறுக்கட்டாம்."

சிவமண்ணை என்னைப் பார்த்தார்.

"அவன் இவ்வளவு நீட்டுக்குக் கதைச்சான். நீ இத்தினூண்டில முடிச்சிட்டாய்."

அவர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அந்த மண்டபத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே சனங்கள் ஆரவாரம் செய்தார்கள், கைதட்டினார்கள். சூரியன் வந்துவிட்டது என்பதை அப்படித்தான் அறிந்தோம். பிறகு சத்தம் அடங்கியது. போய்விட்டது என்பதையும் அப்படியே அறிந்தோம்.

நாங்கள் வெளியே வந்தபோது மலைக்கு மேல் சிவப்பு மட்டும் மிச்சம் இருந்தது. பால் பொங்கி வழிந்து, அடுப்பை அணைத்து, பனியின் மேல் உறைந்து கிடந்தது.

சிவமண்ணை குனிந்து பார்த்தார். "பொங்கினதுதான்... ஒருத்தரும் பாக்கேல்ல, அவ்வளவுதான்."

மனேஜர் ஒரு பெட்டி பன் அனுப்பியிருந்தார். சிவமண்ணை ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, சாப்பிடாமல் திரும்ப வைத்தார். அடுத்த பத்து நாளும் பனிப்புயல். அவர் மறுபடி 'ஓம்' மட்டும் சொல்லத் தொடங்கினார்.

அந்த வருடக் கடைசியில் அவருடைய குடும்பம் வந்து சேர்ந்தது, ஒஸ்லோவுக்குப் போனார்கள். நான் படித்து, பொறியியலாளனாகி, மெல்பேர்ணுக்கு வந்தேன். பல வருடங்கள் தொலைபேசியில் பேசினோம். மனேஜர் உண்மையில் சொன்னது என்ன என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அவர் காலமானார்.

போன கிழமை இங்கே, மெல்பேர்ணின் புறநகரான கிரான்பர்னில், முப்பத்தொன்பது பாகை வெயில். வீட்டில் எல்லாத் திரைச்சீலைகளும் மூடியிருந்தன. நான் பின்வளவில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, யூ.வி. எக்ஸ்ட்ரீம். கம் இன்சைட்! ஒரு தொப்பியாவது போடுங்கோவன்," என்று மகள் கத்தினாள்.

அந்த நோர்வே ஊரின் முகநூல் பக்கத்தில் ஒரு பழைய படம் போட்டிருந்தார்கள். அதே வருடம், அதே படகுத்துறை, முகமெல்லாம் வெயில். மனேஜர் கையில் பன். 'முழு ஊரும் சூரியனை வரவேற்கிறது' என்று எழுதியிருந்தார்கள். தமிழர்களைக் காணவில்லையே என்று யாரோ கேட்டதற்கு ஒருவர் பதில் எழுதியிருந்தார்: 'அவர்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்திருப்பார்கள். எப்போதும் கடும் உழைப்பாளிகள்!' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அதற்கு நாற்பது விருப்பங்கள்.

வெயிலில் நின்றபடியே பதில் எழுதினேன். மனேஜர் அன்று சொன்னதை அவருடைய மொழியிலேயே, ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல்.

அதன் கீழே தமிழிலும் எழுதினேன். இம்முறை முழுவதுமாக.

அந்தப் பக்கத்தில் தமிழ் வாசிப்பவர்கள் எவரும் இல்லை. தமிழில் எழுதியது அவர்களுக்காக அல்ல.