பெட்டி வந்தாச்சா?

வளைகுடாவில், ருவைஸ் கேம்ப் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காருவார் ஓர் அந்தமான் தமிழர். நெடிய உடம்பு. பதற்றம் வந்தால் கழுத்து அடையாள அட்டையின் கயிற்றைக் கடிப்பார். ஊரில் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த மறுநாள் அது. பிளாண்ட்டுக்குள் போன் கூடாது. பஸ்ஸில் ஏறியதும் அதை எடுத்தார். கயிறு வாயில் இருந்தது.

அத்தனை தீவுகளுக்கும் ஒரே எம்.பி.தான். அந்தத் தொகுதியின் பழைய தேர்தல்களை அவர் கடலை வைத்தே சொல்வார்.

“போன எலெக்‌ஷன்ல கடல் சாது, தம்பி. அதுக்கு முந்தினதுல ஒரே காத்து, போட்டே கிளம்பல.”

“ஜெயிச்சது யாருண்ணே?”

“அரே, அது யாருக்கு ஞாபகம்? என் வீட்டுக்காரி டீச்சர். எலெக்‌ஷன் டூட்டின்னா கடைசித் தீவுக்குத்தான் அனுப்புறாங்க. அங்க சிக்னல் மாஃபி, சுத்தமா கிடையாது.”

கேம்ப் வாசலில் போன் அடித்தது. பேசி முடித்து, “ஓட்டுப் பெட்டி கரைக்கு வந்துடுச்சாம்,” என்றார். கயிறு மறுபடி வாய்க்குப் போனது.

“அண்ணி?”

“பெட்டியத்தான் முதல்ல ஏத்தினாங்களாம். டீச்சருங்களுக்கு அடுத்த போட்டாம்.”

மறுநாளே என்னை வேறு ஊர் சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள்; அவரை அப்புறம் பார்க்கவில்லை. சில வாரம் கழித்து, தேர்தலில் ஜெயித்தவர் பெயரை டிவியில் சொன்னார்கள். அந்த அடுத்த போட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை.