முந்தானையில் ஒரு செமிகோலன்

ஆங்கிலத்தில் செமிகோலனைச் சரியாகப் போடத் தெரிந்தவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் ஒருநாளும் சபதம் போட்டதில்லை. அண்ணன்தான் ஊர் முழுக்க அப்படிச் சொல்லித் திரிந்தான். நடந்தது என்னவோ அப்படித்தான்.

ஆரணியில் எங்கள் வீட்டு முன்னறையில் தறியோடு அண்ணன். பின்னறையில் லேப்டாப்போடு நான். ஆங்கிலப் புத்தகங்களை அச்சுக்குப் போகும் முன் திருத்துவது என் வேலை. செமிகோலனை ஆளாளுக்குப் படுத்தும் பாட்டைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதும் அதில் அடக்கம். மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் போடுகிறார்கள். 'டியர் சார்' என்று எழுதி அதன் பக்கத்திலும் ஒன்றை நட்டுவிடுகிறார்கள். விஷயம் எளிது. தனியாக நிற்கத் தெம்புள்ள இரண்டு வாக்கியங்கள், ஆனாலும் பிரிய மனமில்லை. நடுவில் ஒரு கமா, அதன் தலைக்கு மேல் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இதை நான் விளக்கினால் அம்மா, "உன்ன எவன் கட்டிகினு பேஜார் படப் போறானோ" என்பாள்.

வெம்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர் வாயையே திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் எனக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி அனுப்பினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: வடை நன்றாக இருந்தது, பயத்தில் ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் செமிகோலன்! போனில்! அதுவும் சரியான இடத்தில்! கட்டில் மேல் ஏறிக் குதித்தேன். அண்ணன் தறியை விட்டு ஓடிவந்தான்.

"இன்னாம்மா, பல்லியா?"

"சரின்னு சொல்லிடுண்ணா!"

"யாருக்கு?"

"வடைக்கு!"

கல்யாணப் பட்டுப்புடவையை அண்ணனே நெய்தான். முந்தானை ஓரத்தில் அந்த வரியை, பெரிய ஆங்கில எழுத்துகளில், ஜரிகையில் போடச் சொன்னேன். அவரிடம் மூச்சு விடவில்லை. மணமேடையில் அவரே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை. அண்ணன் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் புடவை தறியிலிருந்து இறங்கியது. ஓடிப்போய் முந்தானையை விரித்தேன். கமா இருந்தது, தலைக்கு மேல் புள்ளி இல்லை. வரியின் கடைசியில் முற்றுப்புள்ளியும் இல்லை.

"புள்ளி எங்கண்ணா?"

"அதுவா? அட்டை குத்தக் குடுக்கறதுக்கு முன்ன பிசிறு தொடச்சேன். தனியா ஒரு புள்ளி நின்னுகினு இருந்தா உட முடியுமா? ஜரிகை தூக்கிகினு வரும், வளையல்ல மாட்டும்."

டிசைன் போடுகிறவர்கள் எல்லாருக்கும் இதே பழக்கம்தான். தறிக்கு டிசைன் சொல்லும் அட்டையில் ஓட்டை குத்தக் கொடுக்கும் முன், கடைசியாக ஒருமுறை படத்தை மேய்ந்து, ஒட்டாமல் நிற்கும் புள்ளிகளைத் துடைத்துவிடுவார்கள். கை தானாகவே செய்யும், யாரையும் கேட்காது.

அழுது தீர்த்தேன். முற்றுப்புள்ளி எக்கேடு கெட்டால் எனக்கென்ன? அவர் சரியாக எழுதியதைத் தப்பாக்கி, நானே கட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காரப் போகிறேன். கமாவுக்கும் செமிகோலனுக்கும் வித்தியாசம் தெரியாதவளையா கட்டினோம் என்று நினைக்க மாட்டாரா? வேறு பட்டு கட்டிக்கொள்ளவும் மனசில்லை.

"அழாதடி, வேணும்னா நாளைக்கும் வடை போடச் சொல்றேன்" என்றாள் அம்மா. அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

மறுநாள் தாலி கட்டி முடித்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார். விரலில் மிச்சம் இருந்தது. அப்போதுதான் என் மடியில் கிடந்த முந்தானையைப் பார்த்தார். உதடு அசைய வாசித்தார். முகமெல்லாம் சிரிப்பு. நடுவில் வந்ததும் பார்வை நின்றுவிட்டது.

அவர் குனிந்து, அந்தக் கமாவின் தலைக்கு மேல் குங்குமத்தால் ஒரு புள்ளி வைத்தார்.

"ஐயோ மாப்ள, பட்டுங்க! கறை போவாதுங்க!" அம்மா அலறினாள்.

"போவக் கூடாதுங்க அத்தை."

பின்னால் நின்ற அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கடைசில இருந்த முற்றுப்புள்ளியையும் தொடச்சிட்டேன் மாப்ள. கையோட அதையும் வெச்சிடுங்க."

அவர் விரலைப் புது வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அது வேணாம் மச்சான்."