மரவள்ளி ஆலையின் சக்கரம்

எங்களுக்குக் கல்யாணமாகி, மனைவி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நான்காவது மாதம் அது. தேக்காவில் மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தோம். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்றதற்கு, புக்கிட் பாத்தோக் பக்கத்துக் காட்டில் கிடந்த ஒரு பழைய நீர்ச்சக்கர ஆலையைப் பார்க்க வேண்டும் என்றாள். மரவள்ளிக் கிழங்கு அரைத்து மாவெடுத்த ஆலை. அவளுடைய அப்பா அங்கேதான் வேலை செய்தார். அவளுக்கு ஏழு வயதானபோது கடிதம் வருவது நின்றது. விசாரித்தபோது, ஆள் ஓடிவிட்டான் என்று தோட்டத்திலிருந்து பதில் வந்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாட்டுவண்டியில் கிளம்பினோம். காட்டு முனையில் வண்டிக்காரர் எங்களை இறக்கிவிட்டார்.

"இதுக்கு மேல மாடு வராதுங்க. நானும் வரமாட்டேன்."

ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். தோட்டம் கைவிடப்பட்டுப் பல வருஷங்களாகியிருந்தது. லாலாங் புல் ஆளுயரம் நின்றது. அதைத் தாண்டியதும் காடு. உச்சி நேரத்திலும் உள்ளே அந்தி போல இருந்தது. அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த பூச்சிச் சத்தம் ஆலையை நெருங்கியதும் நின்றுவிட்டது. கிழங்கு புளித்த வாடை வந்தது. அரைக்க ஆளே இல்லாத இடத்தில் அந்த வாடை எப்படி என்று புரியவில்லை.

ஆலைக்கு அருகே பழத்தோட்டம் போட்டிருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் எதிரே வந்தார். அவரும் நம் கடற்கரை ஊர்க்காரர்தான். ஆலையைப் பார்க்க வந்தோம் என்று மட்டும் சொன்னேன்.

"என்ன இருக்கு பாக்க? மதகை அடைச்சு பத்து வருஷமாச்சு" என்றார். ஆனாலும் கூடவே வந்தார்.

சக்கரம் இரண்டு ஆள் உயரம். பலகைகளுக்கிடையே பெரணி முளைத்திருந்தது. கை பருமனுள்ள கொடிகள் அதைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தன. வாய்க்காலில் சருகுதான் கிடந்தது, சொட்டுத் தண்ணீர் இல்லை. என் மனைவி கரையோரம் போய் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், மெல்ல "அப்பா" என்றாள்.

சக்கரம் அசைந்தது. ஒரு பலகை அளவுதான். கொடி ஒன்று படீரென்று அறுந்து விழுந்தது. சுவருக்கு உள்ளே அரவைக்கல் ஒருமுறை கரகரத்து அடங்கியது. காற்று இல்லை, ஓர் இலைகூட ஆடவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தேன், அவள் நகரவில்லை.

பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ யாரு புள்ள?"

அவள் தன் அப்பாவின் ஊரையும், அவர் இடது புருவத்திலிருந்த வெட்டுத் தழும்பையும் சொன்னாள். பெரியவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஓடலம்மா. அவன் எங்கயும் ஓடல. சக்கரத்துல மரக்கட்டை சிக்கிக்கிச்சு. எடுக்க இறங்கினான். கட்டை வந்ததும் சக்கரம் சுத்திருச்சு. கூட வேலை பாத்த நாங்க மூணு பேருதான் இந்தக் கரையில பொதைச்சோம். ஓடிட்டான்னு சொல்லுங்கடா, இல்லேன்னா உங்களையும் தொலைச்சிருவேன்னான் கங்காணி. பயந்துட்டோம்."

"எந்த இடம் பாய்?" என்று மட்டும் கேட்டாள்.

சக்கரத்திலிருந்து பத்தடி தள்ளி, பாசி பிடித்த மூன்று கற்களைக் காட்டினார். அவள் பக்கத்து ஓடையில் இறங்கி, இரண்டு கைகளிலும் தண்ணீர் ஏந்தி வந்து அந்தக் கற்களின்மேல் ஊற்றினாள். மூன்று தரம் போய் வந்தாள். நானும் கூட நடந்தேன். எங்களுக்குப் பின்னால் இன்னொரு காலடி சருகில் மிதிபடுவது கேட்டது. பெரியவர்தான் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அதை நான் அவளிடம் பல வருஷம் சொல்லவில்லை.

ஊரில் அவள் அம்மா அதுவரை பொட்டும் பூவுமாகத்தான் இருந்தார். அவருக்கு எழுதுவதா வேண்டாமா என்று என் மனைவி பத்து நாள் தவித்தாள். கடைசியில், "ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதானே எல்லாரும் சொல்றாங்க. எழுதுங்க" என்றாள். நடந்ததை அப்படியே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அம்மா ஒன்றைத்தான் கேட்டிருந்தார்: உயிர் போகும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

மறு ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டுவர நான் மட்டும் அந்தப் பழத்தோட்டத்துக்குப் போனேன். தலையைத் தன் மடியில்தான் வைத்திருந்ததாகப் பெரியவர் சொன்னார். ஆலைப் பக்கம் நான் திரும்பவே இல்லை.