ஜீப்பில் சொன்ன கொரியக் கதை

போன வருடம் ஆவணி மழையின்போது, போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் மீன் கம்பெனி, நடுவில் ஒரு கல்யாணம். எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் போடியில் ஒரு சின்ன அறை பிடித்தேன். மலை வேலைக்குப் போக வேண்டுமென்றால் விடிகாலையில் கிளம்பும் ஜீப்பில் இடம் வேண்டும். அதைக் கொடுப்பது, எங்களைப் போன்ற பெண்களை வேலைக்கு ஆள் சேர்க்கும் அக்கா. இடம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் பட்டினி.

எனக்கு அந்த இடத்தை வாங்கித் தந்தவை கொரிய நாடகங்கள்தான். மலையில் டவர் கிடையாது. அதனால் அறையில் பார்த்ததை ஜீப்பு ஏறும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவேன். வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள்.

பணக்கார முதலாளியாக வரும் நாயகனை எனக்குப் பிடிக்காது. சோறு ஆக்கிப் போட்டு, காத்துக் கிடந்து, கடைசியில் தோற்றுப்போகும் இரண்டாவது ஆளைத்தான் பிடிக்கும். காதல் நாவல்களிலும் அப்படித்தான். நாயகி வேலைக்குப் போகிறவள் என்றால் ஒரே மூச்சில் படித்துவிடுவேன். முதல் அத்தியாயத்திலேயே நாயகன் அவள் கையைப் பிடித்து இழுத்தால் மூடி வைத்துவிடுவேன். எல்லாவற்றையும்விடப் பிடித்தது, நடுத்தெருவில் அவன் மண்டியிட்டு அவளுடைய ஷூ கயிற்றைக் கட்டிவிடும் காட்சி.

"எங்க வீட்டுக்காரரு என் செருப்ப எத்திவிட்டுட்டுத்தான் நடப்பாரு" என்றாள் ஒருத்தி. ஜீப்பே குலுங்கியது. ஓட்டுகிறவரும் சிரித்தார். ராசிங்காபுரத்துக்காரர், என்னைவிட இளையவர். "வெரசா சொல்லுங்க, தோட்டம் வந்திரும்" என்று அவரும் அவசரப்படுத்துவார்.

அன்று வேலை முடிந்து ஜீப்புக்கு வந்தோம். காலுறை முழுக்கப் புகையிலைத் தூள் தடவியிருந்தும் ஓர் அட்டை உள்ளே போய்விட்டது. ஷூவையும் காலுறையையும் கழற்றினால் விரலிடுக்கில் ரத்தம் குடித்துக் கொழுத்துத் தொங்கியது. நான் குனிவதற்குள் ஜீப் ஓட்டுகிறவர் சேற்றில் மண்டியிட்டுவிட்டார். "அசையாதீங்க" என்று சொல்லி, கிழவி ஒருத்தியிடம் சுண்ணாம்பு வாங்கித் தடவினார். அட்டை விழுந்தது. அதோடு எழுந்திருக்கலாம். ஷூவை மாட்டி, கயிற்றையும் கட்டிவிட்டார்.

"கொரியாக்காரன் வந்துட்டான்டி!" என்று ஒருத்தி கூவினாள். ஒருத்தி விசிலடித்தாள். போடி வந்து சேரும்வரை ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நான் ஏறக் காலை வைத்ததும் அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

"வண்டியில இடமில்ல ஆத்தா. வேற சோலி பாத்துக்க."

"நேத்துவரைக்கும் இருந்துச்சேக்கா?"

"கதைன்னா கேட்டுக்கலாம். நம்ம வண்டியிலயே நடந்தா? புருசன விட்டுட்டு வந்தவள ஏன் ஏத்துனேன்னு ஒவ்வொருத்தி வீட்லயும் என்னயத்தான கேப்பாக?"

விசிலடித்தவள் மடியிலிருந்த தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் ஓட்டுகிறவரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருக்கும் சவாரி கைவிட்டுப் போயிருக்குமோ என்னவோ. கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

மற்ற ஜீப்புகளிலும் கேட்டுப் பார்த்தேன். சேதி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. அறையைக் காலி செய்துவிட்டு, தேவாரம் பக்கம் தக்காளி பறிக்கப் போனேன். அங்கே கூலியும் குறைவு, வேலையும் தினம் கிடையாது.

சில நாள் கழித்து, அந்த விசிலடித்தவள் போன் செய்தாள். ஏதோ வருத்தம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "மதினி, அந்தக் கதையில கடேசில அவ யார கட்டிக்கிட்டா? வண்டியில எல்லாரும் கேக்குறாக" என்றாள். முடிவைச் சொன்னேன். "அப்படியா!" என்று சந்தோஷமாக வைத்துவிட்டாள்.

இப்போதும் நாடகம் பார்க்கிறேன், நாவலும் படிக்கிறேன். அதை விட முடியவில்லை. ஆனால் ஊரே பார்க்க அவன் மண்டியிட்டானே, மறுநாள் காலையில் அவள் எந்த வண்டியேறி வேலைக்குப் போனாள் என்று இதுவரை எந்தக் கதையும் எனக்குச் சொன்னதில்லை.