சிவப்புத் துணி கட்டிய குச்சி

நான் படித்த படிப்பின் பெயரை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாராலும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. எனக்கே முதல் மாதம் நாக்குச் சுளுக்கிக்கொண்டது. கட்டடம், பாதை, வடிகால், அவற்றின் நடுவே மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு படிப்பு. உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தவள் என்பதால் பட்டப்படிப்புக்குள் நேராக நுழைய எனக்குத் தகுதி போதவில்லை. என்னைப் போன்றவர்களுக்காக முன்னால் ஒரு வருடம் வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் பவுண்டேஷன். பதுளையில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் வகுப்பு நடந்தது. இதைப் பக்கத்துக் காம்பரா அத்தையிடம் விளக்கியபோது, "அத்திவாரத்துக்கே ஒரு வருஷமா? அப்ப கூரை போடுறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்" என்றாள்.

அத்தை எங்களுக்கு உறவு இல்லை. எங்கள் காம்பராவுக்கும் அவளுடைய காம்பராவுக்கும் இடையில் ஒரே சுவர், அந்த வகையில் அத்தை. அவள் இருமினால் அம்மா இங்கிருந்து சுக்குத்தண்ணி வேணுமா என்று கேட்பாள். அம்மாவின் ரேடியோ சத்தம் தாங்கவில்லை என்று அத்தை அங்கிருந்து சுவரில் தட்டுவாள். லயத்துச் சுவரைப் பற்றி யாராவது உருக்கமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒருத்தி அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், உருக்கமெல்லாம் தன்னால் போய்விடும்.

அம்மா கொழுந்து எடுக்கிறாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். நான் ஒரே பிள்ளை. அந்த வருடத்தில் தேறினால் பட்டப்படிப்புக்கு நான் கொழும்புப் பக்கம் போயாக வேண்டும், அம்மா தனியாகிவிடுவாள். இது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்ததால் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பின்னேரம் நான் பசறை பஸ்ஸில் வந்து இறங்கி மேலே ஏறி வந்தால், வெங்காயம் உரித்துக்கொண்டே, "இன்னிக்கு என்னா சொல்லிக்குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்பாள். நானும் சொல்வேன். கொங்கிறீட் கலவையிலிருந்து காற்றோட்டம் வரைக்கும் அம்மாவுக்கு அந்த வருடப் பாடம் பாதி தெரியும்.

இரண்டாம் தவணையில் எங்களுக்குப் படிப்பித்த சேர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு சரிவான நிலத்தை எடுத்து, வரிசையாகக் குச்சி அடித்து, ஒவ்வொரு குச்சியடியிலும் நிலம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கருவி வைத்து வாசித்து, வரைபடம் கீற வேண்டும். பிறகு அந்த நிலத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு இடம் குறிக்க வேண்டும். இருவர் இருவராகச் செய்யலாம். இந்த ஒரு வேலையில் கோட்டை விட்டால் வருடமே போச்சு என்று அவர் சொல்லியிருந்தார். என்னோடு சேர்ந்தவள் பதுளைக் கடைவீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். சரிவான நிலத்துக்கு எங்கே போவது என்று அவள் கவலைப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டத்தில் சரிவில்லாத நிலம் கேட்டிருந்தால்தான் நான் முழித்திருப்பேன்.

லயத்துக்குக் கீழே தேயிலை பட்டுப்போய் மானாப்புல் மண்டிய ஒரு துண்டு நிலம் கிடந்தது. தோட்டத்தை நடத்தும் தொரையிடம் கணக்கப்பிள்ளை ஐயா மூலம் அனுமதி வாங்கினேன். காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்காலி, கருவிப் பெட்டி, ஆளை விட உயரமான அளவுகோல், ஒரு கட்டுக் குச்சி எல்லாவற்றோடும் நானும் தோழியும் பஸ்ஸில் வந்து இறங்கினோம். இத்தனையையும் தூக்கிக்கொண்டு லயத்து வாசல் வழியாகப் போனால் காதும் காதும் எங்கே மிஞ்சும்? முக்காலியை விரித்து நிமிர்வதற்குள் மேலே வேலியோரம் ஆட்கள் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் வேலியைத் தாண்டி இறங்கியும் விட்டார்கள்.

"அளக்க வந்துட்டாங்க" என்று யார் முதலில் சொன்னதோ தெரியாது. வேறு ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள் முக்காலி வைத்தால் வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் தருகிறோம் என்று வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த தோட்டத்தில் கட்டியும் கொடுத்தார்கள். எங்களுக்கு மட்டும் அளக்கக்கூட ஆள் வரவில்லை. இப்போது வந்துவிட்டது, அதுவும் சொந்த லயத்துப் பிள்ளை.

இது பாடம், வெறும் பயிற்சி, நாங்கள் மாணவர்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்கள். "ஆமா ஆமா, சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க" என்றார் ஒரு மாமா. கணக்கப்பிள்ளை ஐயாவே வந்து வெறும் படிப்பு வேலைதான் என்று சொல்லிப் பார்த்தார். அவர் வந்து மறுத்ததும் சந்தேகப்பட்டிருந்த ஓரிருவரும் நம்பிவிட்டார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் அளவுகோலைப் பிடிக்கப் போய்விட்டேன்.

பிறகு மனுக்கள் வந்தன. தன் வீட்டைக் கோயில் பக்கம் போடச் சொன்னார் ஒருவர். தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம் என்றார் இன்னொருவர். தம்பி வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார். அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி, தன் வீட்டை அம்மாவின் ரேடியோ எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும் என்றாள். அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. புல்லை அறுத்து எங்களுக்கு வழி எடுத்துத் தந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு இடம் குறிக்கும் குச்சிக்கு அடையாளமாகத் தோழி தன் பையிலிருந்த சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்டினாள். சரிவு குறைந்த நடுப்பகுதியில் அதை அடித்தோம். இது யார் வீடு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வாய் சும்மா இருக்காத தோழி, அம்மாவைக் காட்டி, "இவங்கட வீடுதான், முதல் வீடு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். ஆனால் அந்தக் குச்சியை ஒரு தரம் பார்த்தாள்.

மதியம் எங்கள் காம்பராவில் சாப்பாடு. தோழிக்காக அம்மா மரக்கறியாகவே சமைத்திருந்தாள். அத்தை சம்பல் கொண்டுவந்தாள், இன்னும் இரண்டு வீட்டிலிருந்து அப்பளமும் பாயாசமும் வந்தன. கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கிறது, இனி எல்லா ஞாயிறும் அளக்க வரலாம் என்றாள் தோழி. அம்மா பரிமாறிவிட்டு, தண்ணி எடுத்துவர பீலிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சாப்பிட்டு இறங்கி, காலையில் வாசித்ததைச் சரிபார்க்க மறுபடி வாசிக்கத் தொடங்கினோம். எல்லாக் குச்சிகளும் ஒத்துப்போயின. சிவப்புத் துணிக் குச்சி மட்டும் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் விரலளவு அல்ல, என் முழங்கால் உயரத்துக்கு மேல். தோழி என் கணக்கைச் சந்தேகித்தாள், நான் அவள் கண்ணைச் சந்தேகித்தேன். சிவப்புத் துணி தெரிந்த இடத்தில் கோலைப் பிடித்ததோடு சரி, உயரமான புல்லில் சுற்றிப் பார்த்திருக்கவில்லை. பிறகுதான் நான் புல்லுக்குள் நடந்து பார்த்தேன். காலையில் அடித்த இடத்தில் ஒரு ஓட்டை. அதற்குள் யாரோ கவனமாகப் புல்லைத் திணித்து மூடியிருந்தார்கள். குச்சி மேலே, நிலத்தின் கிழக்கு மூலையில், நன்றாகச் சரிந்த இடத்தில் நின்றது.

எனக்குக் கோபம் வந்தால் தலைகால் தெரியாது. இந்த வேலை போனால் வருடம் போகும் என்று இவர்களுக்குத் தெரியாதா? குச்சியைப் பிடுங்கியது யார் என்று கத்தினேன். பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகள்போலத் தரையைப் பார்த்தார்கள். நான் நேராக அத்தையைப் பார்த்துவிட்டேன். ரேடியோ கதையைப் பேசியவள் அவள்தானே.

அத்தைக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் புடுங்குனா ஒளிச்சா புடுங்குவேன்? உன் கண்ணு முன்னாலயே புடுங்கியிருக்க மாட்டேன்?" என்றாள். அது உண்மை. அத்தை எதையும் ஒளித்துச் செய்கிறவள் இல்லை.

"நாந்தான் நட்டேன்" என்றாள் அம்மா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. இந்தத் தோட்டத்திலேயே இது பாடம் என்று ஐயமில்லாமல் தெரிந்த ஒரே ஆள் அம்மாதான். போன வாரம் முழுக்க இந்தக் கருவியைப் பற்றி அவளிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடம் என்று தெரிந்துமா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"பாடந்தான், தெரியும். பாடத்துல தப்பான எடத்துல வச்சிட்டா, அப்பறம் நெசமா கட்டும்போதும் அங்கனயே வச்சிருவாங்கல்ல" என்றாள்.

நடு இடத்துக்கு என்ன குறை என்று கேட்டேன். அம்மா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோழிதான் அவள் கையைப் பிடித்து, சொல்லுங்க என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னாள். "நடுவுல சவுக்கு மரம் மறைக்குது. மூலைல நின்னா ரோட்டு வளைவு தெரியும் புள்ள. பஸ்ஸு வர்றது தெரியும். இவ இனிமே எப்ப வருவாளோ. வர்ற அன்னிக்காவது முன்னாடியே தெரிஞ்சிக்கலாம்ல."

கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை வந்தது; இத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று கருவிப் பெட்டியைத் திறந்து மூடினேன். நான் போய்விடுவேன் என்பதை வீட்டில் முதன்முதலாக யாரோ வாய் திறந்து சொன்னது அன்றைக்குத்தான். அதையும் பதுளையிலிருந்து வந்த பிள்ளையிடம் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை.

தோழி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வீட்டுக்காரம்மா விருப்பப்பட்ட இடத்திலேயே வாசித்துவிடலாம் என்று முடிவாகச் சொன்னாள். அளவுகோலை அம்மா கையில் கொடுத்து அந்தக் குச்சியடியில் நேராகப் பிடிக்கச் சொன்னாள். நான் கருவியின் தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்தேன். எண்களுக்குப் பக்கத்தில் அம்மாவின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. அவள் என் பக்கம் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணை இரண்டு தரம் தப்பாக வாசித்தேன்.

வேலை முடிந்து லயத்துக்கு ஏறும்போது அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வீட்டையும் அந்த மூலையிலேயே போடு, ரேடியோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

வரைபடத்தைச் சேரின் முன்னால் வைத்தபோது அவர் முதலில் கேட்டதே அதைத்தான். நடுவில் நல்ல இடம் இருக்க, மண் வெட்டி, தடுப்புச் சுவர் கட்ட வேண்டிய மூலையில் ஏன் வீடு? அவர் சிங்களவர், நாங்கள் பேசியது ஆங்கிலம். இதற்கெல்லாம் சொல் எங்கே தேடுவது? அங்கிருந்து பஸ் தெரியும் என்றேன். யாருக்குத் தெரிய வேண்டும் என்றார். என் அம்மாவுக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியென்றால் அதைக் கீறிக் காட்டு, உன் அம்மா ஜன்னலில் நிற்கும்போது கண் எந்த உயரத்தில் இருக்கும், அங்கிருந்து ரோடு வரைக்கும் கோடு மறைப்பில்லாமல் போகிறதா என்று காட்டாமல் நான் நம்ப மாட்டேன் என்றார். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து அவள் கண் உயரத்தைப் பென்சிலால் குறித்தேன். ஜன்னலை அதற்கு ஏற்றாற்போல் வைத்து, கண்ணிலிருந்து ரோட்டு வளைவுக்கு ஒரு கோடு இழுத்தேன். கோடு எதிலும் முட்டவில்லை. தேறிவிட்டோம்.

நான் இப்போது கொழும்புப் பக்கம் படிக்கிறேன். வீடு வரவில்லை. ஆனால் அந்தக் குச்சி இன்னும் நிற்கிறது. துணி வெளிறிவிட்டது, அம்மா வேறொரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள். கணக்கப்பிள்ளை ஐயா ஒருமுறை அதைப் பிடுங்கச் சொன்னாராம். அது கேம்பஸ் குச்சி, தொட்டால் புள்ளைக்கு மார்க் குறைஞ்சிரும் என்று அத்தை போய் மறித்தாளாம். சுற்றிக் கொஞ்சம் மிளகாய்ச் செடி வேறு வைத்திருக்கிறார்கள்.

லீவுக்கு வரும்போது பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலோரம் பிடித்துவிடுவேன். வளைவில் திரும்பியதும் மேலே பார்ப்பேன். மிளகாய்ச் செடிக்கு நடுவே அம்மா நிற்பாள். நான் கையை ஆட்டியதும் திரும்பி லயத்துக்கு நடப்பாள். நான் இறங்கி மேலே ஏறிப் போய்ச் சேரும்போது பிளேன்டீ இருக்கும்.

போன முறை வளைவில் திரும்பிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. பயந்துபோய் ஓட்டமும் நடையுமாக ஏறினேன். அம்மா குச்சியடியில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். செடிகள் அவளை மறைத்திருந்தன. என்னம்மா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, முழங்கால்தான் என்றாள். டீ குடித்து முடித்த பிறகு, எதையோ கடையில் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"பாப்பா, அந்தப் படத்துல ஜன்னல கொஞ்சம் எறக்கி வச்சிரு. இப்பல்லாம் ரொம்ப நேரம் நிக்க முடியல."

அவளைக் காம்பரா வாசல் இஸ்தோப்பில் ஒரு கதிரையில் உட்காரவைத்து, கண் உயரத்தைச் சுவரில் மறுபடி குறித்தேன்.