அக்காள் குளிக்காத பகல்

அந்த உள்ளங்கைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. வெளுத்துச் சுருங்கி, விரலிடுக்கெல்லாம் வெடித்து, தாமிரபரணித் தண்ணீரில் ஊறிப்போன கைகள். என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி அவள். அக்காள் என்றே கூப்பிடுவேன். ஆற்றில் முழுகி ஈரச்சேலையோடு படியேறுவாள். பாதி வழியில், எதையோ மிதித்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். திரும்பப் போய் முழுகுவாள். "இவ்வளவு ஆசாரமான மருமகள் யாருக்கு வாய்க்கும்?" என்று மாமியாருக்குப் பெருமை தாங்காது. எனக்குப் பொறாமை.

பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பெருமை கசந்தது. கழுவிய கையிலும் தீட்டு இருக்கும், பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று அவனைத் தொடவே மாட்டாள். அவளுக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல். பிள்ளையோ பாலாடையில் புகட்டிய பசும்பாலைக் கக்கிக் கக்கி வற்றிப்போனான். குருக்கள் இன்னும் கூடுதலாக முழுகச் சொன்னார். முழுக முழுகச் சந்தேகம் வளர்ந்தது. "ஏட்டி, நான் சுத்தமாத்தானே இருக்கேன்?" என்பாள். "சுத்தந்தான் அக்கா" என்பேன். மூச்சு விடுமுன் மறுபடியும் கேட்பாள்.

பால்கட்டைப் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கிறிஸ்தவ மருத்துவச்சி வந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அந்தப் பயத்துக்குத் தண்ணிதாம்மா தீனி" என்றாள். அன்றைக்கு முழுகவோ கை கழுவவோ வேண்டாம் என்று அக்காளைச் சம்மதிக்கவைத்துத்தான் பிள்ளையை அவள் மடியில் கிடத்தினாள்; பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். என்னிடம், "அவ கேட்டா நீ பதில் சொல்லாத. பயம் ஏறும், ஏறட்டும். பைய இறங்கும்" என்றாள். "வேதக்காரிக்கு நம்ம ஆசாரம் என்னட்டி தெரியும்!" என்று மாமியார் கத்தினாள்.

அக்காள் பிள்ளைமேல் படாமல் கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லுட்டி" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது வைத்தியமா வதையா என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு பகலில் தீர்ந்த காரியமில்லை அது. மருத்துவச்சி பலமுறை வந்தாள். இப்போது டாக்டருக்குப் படித்த என் பேத்தி, அது மனநோய் என்கிறாள். இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் குணமாக்குகிறார்களாம். அப்படியானால் நாங்கள் மெச்சியது நோயையா? நானும் குளித்துத்தானே விளக்கேற்றுகிறேன்? பெரிய குடும்பத்தை ஆண்டவள் நான். இது மட்டும் பிடிபடவில்லை.

கண்டதைச் சொல்கிறேன். அந்த முதல் நாள் வெயில் சாயும்போது பிள்ளை மார்பைத் தேடிப் பிடித்துக் குடித்தான். அக்காள் கேட்பதை நிறுத்தவில்லை. "சுத்தமாத்தானே இருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டே, கழுவாத கையால் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.